சமரசம் பேசலாம், எழுந்து வரும் உரிமையோடு

பாகப்பிரிவினை, வாடகைப் பாக்கி, ஜீவனாம்சம், கொடுக்கல் வாங்கல் என்று சிவில் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வழக்குகள் பலவற்றில் தீர்ப்பு வந்த பிறகும் சண்டை ஓய்வதில்லை. தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போகிறார். வென்றவர் நிறைவேற்று மனு போட்டுவிட்டு மறுபடி அலைகிறார். இந்தச் சுழலிலிருந்து வெளியேற நீதிமன்றமே திறந்து வைத்திருக்கும் வழிதான் சமரசம். ஆனால் நம் ஊரில் சமரசம் என்றாலே ‘அனுசரித்துப் போ’ என்ற அறிவுரையாகத்தான் காதில் விழுகிறது. அதுவும் பெரும்பாலும் வலுவில்லாதவர் காதில். சட்டம் சொல்லும் சமரசம் வேறு. அதில் கையெழுத்துப் போடும் வரை எந்தக் கட்டத்திலும் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுந்து வழக்குக்கே திரும்பலாம். அந்த உரிமை பறிபோன இடத்தில் நடப்பதற்குப் பெயர் கட்டப் பஞ்சாயத்து.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நிலுவை வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிமன்றங்களுக்கு அது வழி வகுத்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களுக்கு நாட்டுக்கே முன்னோடியானது. அங்கே சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் பக்கம் நியாயம் என்று எடைபோடுவதும் அவர் வேலையில்லை. இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் உண்மையில் எது தேவை என்று பேசவைக்கிறார். வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளலாம். உடன்பாடு வராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பேசிய பேச்சு நாளைக்கு நமக்கே எதிராகத் திரும்பாதா என்ற பயம் பலருக்கு உண்டு. சமரசம் முறிந்தால், ‘உடன்பாடு ஏற்படவில்லை’ என்பதை மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளே நடந்ததை எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் மோதிராம் வழக்கில் தெளிவாக்கியது. பணப் பக்கத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. சமரசத்தில் முடிந்த வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்புகள் தாங்களே வெளியில் பேசி முடித்தாலும் அந்தச் சலுகை உண்டு என்பது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

2023இல் வந்த சமரசச் சட்டம் இந்த முறையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே பேசுவது, இணையவழி அமர்வு, 120 நாள் கெடுவும் இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாளும், அக்கம்பக்கத்தின் அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமுதாய சமரசம் என்று பல ஏற்பாடுகள் அதில் உள்ளன. அது உருவான கதைதான் இன்னும் முக்கியம். 2021இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா, வழக்குக்கு முந்தைய சமரசத்தைக் கட்டாயமாக்கியது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஆட்சேபித்தது. இறுதியில் நிறைவேறிய சட்டம், தரப்புகள் தாங்களாக விரும்பினால் மட்டும் என்று மாற்றிக்கொண்டது. இதற்கு விலக்காக, 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில் அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவர் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். 2022 ஆகஸ்ட் 20 முதல், அப்படிப் போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். அங்கும்கூடக் கட்டாயம் பேச்சைத் தொடங்கிப் பார்ப்பதற்குத்தான், உடன்படுவதற்கு அல்ல.

விருப்பம் இல்லாத இடத்தில் சமரசம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2015இல் பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றில், பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசக் குற்றவாளிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. கண்டனம் எழுந்தது. அடுத்த சில நாட்களில், இத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எழுதியது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், சாதிப் பஞ்சாயத்துகளும் கட்டப் பஞ்சாயத்துகளும் முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஊர் கூடிப் பேசியது, பெரியவர்கள் முடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் சட்டத்தின் முன் சமரசம் ஆகிவிடாது.

சமரசம் ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தர நீதி, வசதியுள்ளவன் காலம் கடத்த ஒரு தந்திரம் என்ற விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. வாடகை கட்ட வழியில்லாதவரும் பத்து வருடம் வழக்கு நடத்தத் தெம்புள்ளவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பலம் சமமாகிவிடாது. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு நீதிமன்றக் கூண்டிலும் இருக்கிறது. அங்கே தாமதமே பணக்காரரின் ஆயுதம். ஆகவே சமரசத்தை ஒதுக்குவதில் பயனில்லை. பலவீனமானவர் பக்கம் ஒரு வழக்கறிஞரை உட்காரவைப்பதுதான் தீர்வு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வகை செய்கிறது. காலம் கடத்தும் தந்திரத்தில் இருக்கும் உண்மையான ஆபத்து வேறு. கடன் பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. தனிப்பட்ட முறையில் ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்காக அந்தக் கெடு நிற்காது. கெடு நெருங்கினால் வழக்கைப் போட்டுவிட்டு, அங்கிருந்து சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்குவது கடினம். மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடிந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. சமரசத்தின் பேரில் நீதிமன்றம் தீர்ப்பாணை பிறப்பித்துவிட்டால், மோசடி நடந்தது என்று சொல்பவர் தனி வழக்குப் போட முடியாது. அதே நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டம் சமரச உடன்பாட்டுக்குத் தீர்ப்பாணையின் பலத்தைத் தருகிறது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் அதன் சில பிரிவுகளே நடைமுறைக்கு வந்தன. அதனால் வெறும் தாளில் எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் நம்பாமல், உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து தீர்ப்பாணையாக வாங்கிக்கொள்ளுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்பது அதில் எழுத்தில் இருக்கட்டும். அவசரப்படுத்தினால், மிரட்டினால், படிக்கவிடாமல் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். மறுக்கும் உரிமை கையில் இருக்கும்போது கொடுக்கும் சம்மதம் மட்டுமே சம்மதம்.