நினைவகம் குறைந்த கணினியும் பணிசெயல் முறைமைத் தெரிவும்: தண்ணீரூற்றை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

இயந்திரமொன்று பழையதாகிவிட்டது என்று கூறப்படும்போது, அது எவ்வகையிற் பழையதாயிற்று என்ற வினாவை எழுப்புவது அவசியமாகும். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் தொகுதியில் மார்க்ஸ் இயந்திரத்தின் தேய்மானத்தை இருவகைப்படுத்தினார். பாவனையாலும், பாவிக்காது விடுவதாலும் ஏற்படும் பௌதிகத் தேய்மானம் ஒன்று. மலிவான அல்லது மேலான இயந்திரங்கள் சந்தைக்கு வருவதால் ஏற்படும் பெறுமதித் தேய்மானம் மற்றையது. கணினியிலோ இவ்விரண்டாவது வகை புதியதொரு வடிவத்தைப் பெறுகின்றது. இயந்திரம் பழுதின்றி இருக்கவும், அதனை இயக்கும் மென்பொருளின் தேவைகள் பெருகிச் சென்று அதனைப் பயனற்றதாக்கிவிடுகின்றன. நினைவகம் குறைந்த கணினிக்கு எப்பதிப்பைத் தெரிவது என்ற வினாவை இப்பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்றை எடுத்துக்கொள்வோம். 2009இல் முடிவுற்ற போரின்போது இப்பிரதேச மக்கள் வீடுவாசல்களோடு காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தனர். மனுக்களும் விண்ணப்பங்களும் வாழ்வின் பகுதியாகிவிட்ட இத்தகைய ஊரிற் கணினி ஆடம்பரப் பொருளன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேலுயர்ந்தபின், புதிய கணினியை வாங்கிக்கொள்ளுங்கள் என்பது இங்கு ஆலோசனையாகாது. இருப்பதைக் கொண்டு காரியம் ஆற்றுவது எவ்வாறு என்பதே உண்மையான பிரச்சினை.

முதன்மை நினைவகத்துக்கும் வன்தட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வன்னி விவசாயி எளிதில் விளங்கிக்கொள்வான். முன்னையது சூடடிக்கும் களம், பின்னையது களஞ்சியம். வேலை களத்திலேயே நடைபெறும். களம் ஒடுங்கியதாயின், ஒரு பகுதியைக் களஞ்சியத்துக்கு அனுப்புவதும் மீண்டும் கொணர்வதுமாகவே பொழுது கழியும். நினைவகம் போதாத கணினியும் தரவுகளை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எடுப்பதனாலேயே மந்தமடைகின்றது. பணிசெயல் முறைமை தானே களத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டால் எஞ்சுவது சொற்பமே.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி ஆகக் குறைந்தது 64 மெகாபைற்று நினைவகத்தைக் கோரியது. 2009இன் விண்டோஸ் 7, அதன் 32 பிற்றுப் பதிப்புக்கு 1 கிகாபைற்றையும் 64 பிற்றுப் பதிப்புக்கு 2 கிகாபைற்றையும் கோரியது. 2021இன் விண்டோஸ் 11 கோருவதோ 4 கிகாபைற்று. இருபது ஆண்டுகளில் அறுபத்துநான்கு மடங்கு. ஒரு விண்ணப்பத்தை எழுதுவதற்கான உழைப்பு இக்காலத்தில் அவ்வளவு பெருகிவிட்டதா? மேலும், ஆகக் குறைந்த அளவு என்பது முறைமை இயங்கத் தொடங்குவதற்கான அளவேயன்றி, அதன்மேல் உலாவியும் சொல்முறைவழிப்படுத்தியும் ஒருங்கே இயங்குவதற்கான அளவன்று.

அவ்வாறாயின் எக்ஸ்பிக்கே திரும்பிவிடலாமே என்று சிலர் வாதிடுவர். இது பிற்போக்கான தீர்வு எனக் கொள்வதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது பாதுகாப்பு. எக்ஸ்பிக்கான பராமரிப்பு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7இற்கானது 2020 ஜனவரியிலும் முடிவுற்றன. விண்டோஸ் 10இற்கான பொதுப் பராமரிப்பும் 2025 ஒக்ரோபரில் முடிவுற்றது. பராமரிப்பற்ற முறைமையை இணையத்துடன் இணைப்பது ஆபத்தானது. இரண்டாவது, எமது மொழி சார்ந்தது. விண்டோஸ் 98 காலத்தில் ஈழத்திற் பரவிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். யுனிகோட் தமிழை விண்டோஸ் குடும்பத்தில் முதலில் உள்ளடக்கியது விண்டோஸ் 2000 ஆகும். எக்ஸ்பியிலும் அவ்வசதியைத் தனியே நிறுவவேண்டியிருந்தது. எனவே பதிப்புத் தெரிவு என்பது வேகம் பற்றிய தெரிவு மாத்திரமன்று. ஒருமுறை ஆவணங்களை இழந்த மக்கள் இன்று எழுதுவதை நாளை வாசிக்க முடியுமா என்பதும் அதில் அடங்கியுள்ளது.

பழைய பதிப்பும் பொருந்தாது, புதிய விண்டோஸும் பொருந்தாது என்ற இம்முரண்பாட்டுக்கு லினக்ஸ் ஒரு தீர்வாகின்றது. இங்கு முதலில் அறியவேண்டியது கணினியின் முறைவழியாக்கி 64 பிற்று வகையினதா என்பதாகும். 64 பிற்று முறைமையில் நினைவக முகவரிகள் இருமடங்கு இடத்தைப் பிடிப்பதால், குறைந்த நினைவகத்துக்கு 32 பிற்றே சிக்கனமானது. ஆயினும் அதன் எதிர்காலம் ஒடுங்கிவருகின்றது. டெபியன் முறைமையின் 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பே 32 பிற்றுக் கணினியில் நிறுவத்தக்க இறுதிப் பதிப்பாகும். அதன் நீடித்த பராமரிப்பும் 2028 நடுப்பகுதி வரையிலேயே. 2025இன் 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவி இல்லை. ஆகவே 64 பிற்று முறைவழியாக்கியும் 2 கிகாபைற்று நினைவகமும் உள்ள கணினிக்கு, எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்கியூற்றி என்ற இலகுவான முகப்புடன் டெபியன் 13 பொருத்தமானது. 32 பிற்றுக் கணினிக்கு டெபியன் 12 போதும். 1 கிகாபைற்றும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை எழுத்துவேலைக்கு ஒதுக்குவதே நன்று. முறைமையிலும் பார்க்க இணைய உலாவியே அங்கு பெருஞ்சுமையாகும்.

எதனையும் மாற்றுமுன் ஆவணங்களை வேறிடத்திற் பிரதிசெய்தல் வேண்டும். பின்னர், நிறுவாமலே பென்றைவிலிருந்து முறைமையை இயக்கி, அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழ்த் தட்டச்சு சரிவர அமைகின்றதா எனப் பரீட்சித்தல் தகும். தாய்ப்பலகை இடங்கொடுக்குமாயின், பழைய கணினியொன்றிலிருந்து கழற்றிய நினைவகத் தகடொன்றைச் சேர்ப்பது எப்பதிப்பு மாற்றத்தினும் கூடிய பயன்தரும்.

கட்டற்ற மென்பொருளை இலட்சிய உலகமாகக் காண்பதும் தவறு. லினக்ஸின் கருவை வளர்ப்பதிற் பெருநிறுவனங்களின் பங்கும் கணிசமானது. 32 பிற்று கைவிடப்படுவதும் அவ்வுலகிலேயே. ஆயினும், ஓர் இயந்திரம் எப்போது பழையதாகும் என்ற தீர்ப்பை விற்பனையாளரிடமிருந்து பாவனையாளரின் கைக்கு ஓரளவேனும் அது மாற்றித் தருகின்றது. தண்ணீரூற்றிலுள்ள கணினியின் ஆயுளை, அதன் முன்னமர்ந்து விண்ணப்பம் எழுதுவோரின் தேவை தீர்மானிப்பதே நியாயமாகும்.