கொல்லிமலை இறக்கமும் தடைநீர்மமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. ஏறும்போது உழைப்பது உந்துபொறி. இறங்கும்போது பாரமெல்லாம் தடைகளின் மேல் விழுகிறது. அப்பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர் எவரும் தடைகளைப் பேணுவதில் அசட்டையாக இருக்க மாட்டார். ஆள்களும் மூட்டைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள மகிழுந்து ஒன்று ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் 1 கோடியே 47 இலட்சம் ஜூல். 30 பாகை வெப்பத்திலுள்ள 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் எதிர்ப்பும் உந்துபொறியின் இழுவையும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுவதும் வெப்பமாகித் தடைப்பட்டைகளிலும் அவை கவ்வும் இரும்புத் தட்டுகளிலும் சேர்கிறது.

தடையின் குறைகளுள் பல தாமே குரல் கொடுப்பவை. முன்சக்கரப் பட்டைகளே பெரும்பாலும் முதலில் தேயும். தடிப்பு 3 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் மாற்றிவிடுவதே முறை. பல வண்டிகளில் பட்டையோடு ஒரு சிறு உலோக நாக்கைப் பொருத்தியிருப்பர். பட்டை மெலிந்ததும் அது தட்டை உரசிக் கீச்சிடும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால், இரும்பை இரும்பு அரைக்கும் கரகரப்புத் தொடங்கும், தட்டும் பாழாகும். மிதிக்கையில் வண்டி ஒருபுறம் இழுப்பதும், தட்டின் தடிப்புச் சீர்கெட்டு மிதி காலடியில் அதிர்வதும் எளிதில் உணரத்தக்கவை. பணிமனைக்கு உடனே கொண்டுசெல்ல இவற்றுள் ஒன்றே போதும்.

குரலே கொடுக்காத குறை ஒன்றுண்டு. மலைச்சாலையில் நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான். மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் தடைநீர்மம், பணிமனைகளில் பிரேக் ஆயில் எனப்படுவது, காற்றிலுள்ள ஈரத்தை இரவும் பகலும் உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையைப் புதிதாக ஊற்றும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு. எடையில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அது 155 பாகை அளவுக்கு இறங்கலாம். சமவெளியில் ஓட்டும்வரை இவ்வீழ்ச்சி தெரியவே தெரியாது. நாமக்கல் தெருக்களில் நன்றாகவே நின்ற வண்டி, மலையில் வளைவுக்கு வளைவு மிதிபட்டுச் சூடேறுகையில், சக்கரத்தருகே நீர்மம் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகிறது. நீர்மம் அழுத்தத்திற்கு அடங்காது, ஆவி அடங்கும். ஆகவே கால் கொடுக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, மிதி தரைவரை அமிழ்கிறது, வண்டியோ நிற்பதில்லை. மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்து எரிநாற்றம் எழுந்தால், பட்டை வெப்பத்தால் பிடிப்பிழந்தது என்று பொருள். இரண்டில் எது நேரினும் ஓரம் கட்டி ஆறவிடுவதே வழி. சூடேறிய தட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விழும்.

இறங்கும்போது தாழ்ந்த பல்லிணையில் வருக. எரிபொருள் மிச்சமென்று பல்லிணையை விடுவித்தோ பொறியை அணைத்தோ உருள்வது பெருந்தவறு. பொறி அணைந்தால் மிதிக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிப்புகளில் தீர்ந்துவிடும்.

தடைநீர்மத்தைப் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அகப்பலகையில் விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அது நீர்மம் குறைந்ததைக் காட்டுமேயன்றி, ஈரம் கலந்ததைக் காட்டாது. கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர், பணிச்சீட்டை எடுத்துத் தடைநீர்மத்தைக் கடைசியாக மாற்றிய நாளைப் பாருங்கள். இரண்டாண்டு கடந்திருந்தால், முதலில் பணிமனைக்குச் செல்லுங்கள்; மலைக்குப் பிறகு போகலாம்.