சப்தம் கண்டெடுத்த விமானம்

சென்னையில் கள்ளிக்குப்பத்தை அடுத்துப் பரந்து கிடக்கும் புழல் ஏரி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் 'காட்டலீனா' நீர்விமானங்களுக்குத் தளமாக விளங்கியது என்பதை இன்று அறிந்தவர் சிலரே. வங்காள விரிகுடாவின் மீது நெடுந்தூரம் ரோந்து சென்ற அந்நாளைய விமானங்களுள் ஒன்று ஆழ்கடலில் மூழ்கிப்போனால், அதனையும் அதனைச் செலுத்திய வீரரையும் மீண்டும் காணும் மார்க்கம் அன்றைய விஞ்ஞானத்திடம் இருக்கவில்லை.

அதே விரிகுடாவைக் கடந்து போர்ட் பிளேர் செல்லும் பொருட்டு, 2016 ஜூலை 22 அன்று காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் புறப்பட்ட இந்திய விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் நடுவழியில் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடியும் சிறு துண்டுகூட அகப்படாமையால், அவ்வாண்டு செப்டம்பரில் தேடுதல் நிறுத்தப்பட்டது.

கடல்நீர் வானொலி அலையை விழுங்கிவிடும். சூரிய வெளிச்சமும் சில நூறு மீட்டருக்குள் அவிந்துபோகும். விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும் சப்தம் ஒன்றே அங்கு நமக்குத் துணை. ஆயினும், கப்பலிலிருந்து செலுத்தும் ஒலிக்கற்றை ஒரு பாகை அகலமே உடையதாயினும், 3,400 மீட்டர் ஆழத்தை எட்டுவதற்குள் ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறபடியால், இறக்கையின் நுனிக்கு நுனி 29 மீட்டரே உள்ள விமானம் எதிரொலி தீட்டும் சித்திரத்தில் ஒரு புள்ளிக்குள் ஒடுங்கிவிடும். ஆகவே கருவியே கடலின் அடித்தளத்தை நெருங்கியாக வேண்டும்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாத் தானியங்கிக் கலம் இதனைச் சாதித்தது. கடலடிக் கனிமங்களை ஆராய்வதற்கென்று வாங்கப்பெற்ற அக்கலம், விமானத்தின் இருப்பிடம் கடைசியாகத் தெரிந்த பகுதியில் இறக்கப்பட்டது. அதிலுள்ள சோனார் என்னும் ஒலிக்கருவி, கலம் நகருந்தோறும் கிடைக்கும் எதிரொலிகளை ஒன்றாகக் கோத்து, மிக நீண்டதொரு செவி கேட்டாற்போன்ற நுட்பமான உருவத்தைத் தீட்டவல்லது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் 340 மடங்கு அழுத்தும் இருளில், சிதைந்த விமானமொன்றின் பாகங்களை அது படம் பிடித்தது.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் இதனை வெளியிட்டது. படங்கள் ஏ.என்.-32 விமானத்தின் அமைப்போடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவில்லை. இவ்விரண்டையும் கொண்டே அது அவ்விமானமாக இருக்கக்கூடும் என்ற அநுமானத்துக்கு வந்தனர். சாட்சியம் அனுமதிக்கும் எல்லைக்கு அப்பால் ஒரு சொல்லும் மிகையாகக் கூறாத அந்த நிதானமே சாஸ்திரத்தின் தர்மம்.

ஏழரை ஆண்டுகள் விடை தெரியாது தவித்த 29 குடும்பங்களுக்கு இது ஆறுதலாகுமோ, அறியோம். எனினும் அவர்களுக்குத் தேசம் பட்டிருந்த கடனில் ஒரு பகுதி இதனால் தீர்ந்தது. எஞ்சிய பகுதி, கடல்மீது பறக்கும் நம் விமானம் ஒவ்வொன்றிலும், நீரில் விழுந்தவுடன் தானே ஒலியெழுப்பி இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்துவதால்தான் தீரும்.