நாளொரு கட்டுரை

கற்றவற்றை விரைவிற் பழமையாக்கும் தொழில்களுள் ஒன்று கணினிச் செய்நிரல் எழுதுந் தொழிலாகும். மருத்துவர் கற்ற உடற்கூற்றியல் முப்பது ஆண்டு கழிந்த பின்னும் பெரும்பாலும் அவ்வாறே பயன்படும். செய்நிரலாளர் கையாளும் மொழிகளும் கருவிகளுமோ பத்தாண்டிற்குள்ளேயே உருமாறிவிடுகின்றன. ஆதலின், கல்லூரியிற் கற்றதை மாத்திரமே முதலாகக் கொண்டு வாழ எண்ணுபவர், நடுவயதிலே தம் தொழிலுக்குத் தாமே அயலாராகும் நிலை நேரிடும். இவ்விடரை உணர்ந்த செய்நிரலாளர் சிலர், நாடோறும் ஒரு தொழினுட்பக் கட்டுரையைப் படித்து, அதன் சாரத்தைப் பிறர்க்கு எடுத்துரைப்பதெனத் தமக்குத் தாமே ஒரு நோன்பினை விதித்துக்கொள்கின்றனர். அந்நோன்பு எவ்வாற்றாற் பயன்றரும், எவ்விடத்துப் பயனற்றதாகும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாய் விளங்குபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்றியன் கொலியர் என்பார். இவர் மென்பொருள் நிறுவனங்களிலே தொழினுட்பத் தலைமைப் பொறுப்பு வகித்தவர். காலைப் புகைவண்டிப் பயணத்திலே செய்தித்தாளுக்குப் பதிலாகக் கணினியியல் ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படிக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். படித்தவற்றின் சுருக்கத்தை 2014 தொடக்கம் 2021 வரை 'காலைத்தாள்' எனப் பொருள்படும் பெயரால் எழுதி வெளியிட்டு வந்தார். பல்கலைக்கழகத்தார் தமக்குள்ளே வழங்கிவந்த ஆய்வுகள், இவ்வகையால் அன்றாடத் தொழில் செய்வோர் கைக்கும் எட்டின.

நாடோறும் படிக்க வேண்டுமெனின் எதனைப் படிப்பது என்னும் வினா எழும். கருவிகள் மாறினும் அவற்றுக்கு அடிப்படையான கருத்துக்கள் எளிதில் மாறுவதில்லை. லெஸ்லி லம்போட் என்பார் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையை இதற்குச் சான்றாகக் கூறலாம். தொலைவிலுள்ள பல கணினிகளின் கடிகாரங்கள் முற்றும் ஒத்திரா. அங்ஙனமாயின், இரு நிகழ்ச்சிகளுள் எது முந்தியது என எவ்வாறு துணிவது? ஒரு செய்தி அனுப்பப்பட்ட பின்னரே பெறப்படும் என்னும் எளிய உண்மையை அவர் ஆதாரமாகக் கொண்டார். ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, நிகழ்ச்சிதோறும் அதனைக் கூட்டிச் செல்லும். அனுப்பும் செய்தியோடு அவ்வெண்ணையும் அனுப்பும். பெறும் கணினி தன் எண்ணை வந்த எண்ணினும் மிகுந்ததாக்கிக் கொள்ளும். பல கணினிகளிற் பரந்து கிடக்கும் தரவுகளைப் பேணும் அமைப்புக்களுக்கு இக்கருத்து இன்றும் அடிப்படையாய் உள்ளது. இத்தகைய ஒரு கட்டுரையைத் தெளிதல், நாளை மறையும் பத்துச் செய்திகளை அறிதலினும் மேலானதன்றோ?

இனி, பணிமிகுந்தோர்க்குக் காலம் எங்கே எனின், அதற்கும் வழியுண்டு. கேசவ் என்னும் பேராசிரியர் 2007ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரையை மும்முறை படிக்கும் நெறியொன்றை வகுத்தார். முதன்முறை தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்டலைப்புக்கள், முடிவுரை என்பவற்றை மாத்திரம் 5 முதல் 10 நிமிடத்திற் பார்த்தல் வேண்டும். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்துள், நிறுவல்களின் நுட்பங்களை விடுத்துக் கருத்தையும் வரைபடங்களையும் கவனித்தல் வேண்டும். மூன்றாம் முறை, ஆசிரியர் செய்ததைத் தாமே மீளச் செய்வதுபோலப் படித்தல் வேண்டும். இதற்குப் பழகாதார்க்குப் பல மணி நேரம் செல்லும். எல்லாக் கட்டுரைக்கும் மூன்றாம் முறை வேண்டியதில்லை. எதனை முதன்முறையோடு நிறுத்துவது என அறிதலே காலத்தைக் காக்கும்.

படித்தல் போதாதா, பிறர்க்கு உரைத்தல் எதற்கு எனச் சிலர் வினவுவர். இதற்கு விடை ஆசிரியத் தொழில் செய்வோர் நன்கறிந்ததே. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டவன் காற்பங்கு அறிவே பெறுவான். உடன்கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைக்கும்போதே நிரம்பும் என்பது நன்னூலாரின் கணக்கு. மேற்கூறிய கட்டுரையையே நோக்குக. அதனைப் படித்து விளங்கிவிட்டதாக எண்ணும் ஒருவர், மற்றொருவர்க்கு உரைக்கப் புகின், 'செய்தித் தொடர்பே இல்லாத இரு நிகழ்ச்சிகளுள் எது முந்தியது?' என்னும் வினா எழக்கூடும். எதனையும் முந்தியதெனக் கூறவியலாது என்பதே அக்கட்டுரையின் உயிர்நிலை. அதனை உரைக்கத் தடுமாறுபவர், தாம் படித்தது சொற்களையே, பொருளையன்று என உணர்ந்து மீண்டும் கட்டுரையைப் புரட்டுவர். அந்த மீட்சியே கல்வியாகும்.

எனவே, தலைப்பை மாத்திரம் பார்த்துப் பிறர்க்கு அனுப்பிவிட்டு அன்றைய நோன்பு முடிந்ததெனக் கொள்வது வெறும் சுமை மாற்றுதலேயாம். செயற்கை நுண்ணறிவு எந்நூலின் சுருக்கத்தையும் நொடிப்பொழுதில் எழுதித்தரும் இக்காலத்தில் இவ்விடர் பெருகியுள்ளது. அச்சுருக்கம் பிழையற்றதாயினும், அதனை எழுதும்போது பெறும் தெளிவு நமக்கு உரியதாவதில்லை. எண்ணிக்கையின்மேல் வைக்கும் பற்றும் தீங்கானது. கொலியர் வார நாள்களிலேயே எழுதினார். விடுமுறைக் காலங்களில் எழுத்தை நிறுத்தி ஓய்ந்தார். ஓய்வையும் உட்கொண்ட நியமமே நெடுங்காலம் நிலைக்கும்.

வாரத்திற்கு 5 கட்டுரையாக ஆண்டில் 40 வாரம் படிப்பவர் 200 கட்டுரைகளை அறிவர். கணிதவறிஞர் றிச்சட் ஹமிங் 1986ஆம் ஆண்டிலே நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், அறிவு கூட்டுவட்டியைப் போல வளர்வது என விளக்கினார். நேற்றுக் கற்றது இன்று கற்பதை எளிதாக்கும் என்பதே அதன் பொருள். செய்நிரற்றொழிலை நாடும் மாணவர்கள் இதனை மனங்கொள்வார்களாக. நாடோறும் ஒன்று என்பது தொடக்கத்தில் அரிதாயின், வாரத்திற்கு ஒன்றாகத் தொடங்குக. படித்ததை அருகிலுள்ள தோழர் ஒருவர்க்கேனும் ஏட்டைப் பாராது விளக்குக. அவர் வினவுவதற்கு விடை கூறவியலாத இடத்திலிருந்தே அடுத்த படிப்பைத் தொடங்குக.