தாராவியில் கதவைத் தட்டியவர்கள்

"வீட்டிலேயே இருங்கள், ஆளுக்கு ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்று 2020-ல் நாட்டுக்கே சொன்னார்கள். சொல்வது சுலபம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்து எழுந்திருக்கும் வீட்டில் ஆறடிக்கு எங்கே போவாள் ஒருத்தி? கழிப்பறை வேறு தெருக்கோடியில், ஊருக்கெல்லாம் பொது.

மும்பை தாராவியைத்தான் சொல்கிறேன். தோல் பதனிடும் தொழிலுக்காக நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழர்கள், சௌராஷ்டிரத்துக் குயவர்கள், உத்தரப் பிரதேசத்துத் தொழிலாளர்கள் என்று இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் எட்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 2020 ஏப்ரல் 1-ந் தேதி அங்கே முதல் கொரோனா நோயாளி தெரியவந்து, அன்றே இறந்தும் போனார். இனி தாராவி அவ்வளவுதான் என்றே பலரும் நினைத்தார்கள்.

கார்ப்பரேஷன் ஆட்கள் மட்டும் போதவில்லை. அந்தப் பக்கத்திலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்கள் 24 பேர் தாமாக முன்வந்தார்கள். ஏப்ரல் வெயிலில் உச்சந்தலை முதல் பாதம்வரை மூடிய அங்கி! நமக்கு அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றாலே உயிர் போகிறது. அந்த உடையோடு சந்து சந்தாக நுழைந்து, சில நாட்களுக்குள் சுமார் 47,500 பேரைப் பரிசோதித்தார்கள்.

அங்கியைவிட உதவியது அவர்கள் தெரிந்த முகமாக இருந்ததுதான் என்பது என் எண்ணம். ஜுரம் என்று சொன்னால் கொண்டுபோய் அடைத்துவிடுவார்களே, குழந்தைகளை யார் பார்ப்பது என்ற பயத்தில், "ஒண்ணுமில்லே டாக்டர், சூட்டு இருமல்தான்" என்று மழுப்பத்தானே எந்தத் தாய்க்கும் தோன்றும்? போன மாதம் பிள்ளைக்கு மருந்து கொடுத்த அதே டாக்டர் வாசலில் நின்று கேட்டால் மழுப்ப வராது.

பேட்டையில் செல்வாக்குள்ளவர்களையும் கார்ப்பரேஷன் சேர்த்துக்கொண்டு, 'கோவிட் யோத்தா' என்று பெயர் வைத்தது. யோத்தா என்றால் போர்வீரன். அடைத்த சந்துக்குள் இருப்பவர்களுக்கு அரிசி, பருப்பு வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறவருக்கு இவ்வளவு பெரிய பட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டில் அரிசி இல்லாத நாளில் அவர்தானே வீரர்!

பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், விளையாட்டு அரங்கு எல்லாம் தனிமை முகாம்களாயின. அங்கே சாப்பாடு இலவசம். ரம்ஜான் நோன்பிருந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் பழங்களும், நோன்பு நேரத்துக்கு ஏற்ற உணவும் கொடுத்தார்கள். போகிற இடத்தில் வயிறு வாடாது என்று தெரிந்தால்தானே ஒரு பெண் துணிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள்?

ஜூலை 10-ந் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியை உதாரணமாகச் சொன்னார். டிசம்பர் 25-ந் தேதி அங்கே புது நோயாளி ஒருவர்கூட இல்லை. தொழிலாளர்கள் ஏராளமானோர் சொந்த ஊருக்குப் போனதில் நெரிசல் குறைந்ததும் ஒரு காரணம்தான். 2021-ல் இரண்டாம் அலை திரும்பவும் வந்தது.

டாக்டர்கள் விரலில் மாட்டிப் பார்த்தார்களே, ஆக்ஸிமீட்டர், அது இன்று பல வீடுகளில் மேஜை டிராயரில் தூங்குகிறது. முதியவர்களுக்கு ஜுரம், இருமல் என்றால் எடுத்துப் பாருங்கள். 95-க்குக் கீழே காட்டினால், மூச்சுத் திணறல் தெரியாவிட்டாலும் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.