தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் வீடுகள் பலவற்றில் இன்றும் குழித்தறிதான். தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி, மிதிகட்டையை மிதித்தபடி நெய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். இறைத்துக் கொட்டினாலும் மறுபடி ஊறும். ஈரக்காற்றில் பட்டுப் பாவு தளரும், சரிகை கருக்கும். பாவுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி உலர்த்தும் வேலை வெயில் இல்லாமல் நடக்கவே நடக்காது. நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில்தான். தறி நின்ற நாளுக்குக் காசு கிடையாது.

மழையில் தறி நிற்பது காஞ்சிக்குப் புதிதல்ல. தாத்தா காலத்திலும் நின்றது. ஆனால் மழை பெய்யும் விதம் மாறிவிட்டது. ஒரு டிகிரி சூடேறிய காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் ஒரு பருவம் முழுவதும் பரவலாகப் பெய்ய வேண்டியது சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. மற்ற நாட்களில் வானம் வெறுமையாகக் கிடக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. நாலே ஆண்டில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. 2021 நவம்பரில், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் பாய்ந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் புவி வெப்பம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கரைகளில் எழுந்த கட்டடங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இப்படித் தாவுவதைத்தான் சூடேறும் உலகில் எதிர்பார்க்க வேண்டும் என்று காலநிலை அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

அந்த வறண்ட 2019-இல்தான் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீரை இறைத்து, அதன் அடியில் வைக்கப்பட்டிருந்த அத்தி வரதர் சிலையை வெளியே எடுத்தார்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தரிசனம். அதற்கு முன் அவர் எழுந்தருளியது 1979-இல். இடைப்பட்ட அந்த 40 ஆண்டுகளில் பூமியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய முக்கால் டிகிரி கூடியிருக்கிறது. அடுத்த தரிசனம் 2059-இல். தொழில்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாக 2024-ஐ உலக வானிலை அமைப்பு ஏற்கெனவே குறித்துவிட்டது. இன்று மடியில் தவழும் குழந்தைகள் நடுவயதில் வரிசையில் நிற்கப்போகும் அந்த ஆடி மாதத்து வெயில் எப்படியிருக்கும் என்பது, இப்போது நாம் எரிக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது.

மழையை விட்டால் வெயில். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் தகரக் கூரையும் காங்கிரீட் தளமும் வந்துவிட்டன. சித்திரை, வைகாசியில் தறி இருக்கும் கூடம் மதியத்திலேயே அனலாகிவிடும். மெல்லிய இழைகள் விரிந்து கிடக்கும் பாவின் மேல் மின்விசிறியைச் சுழல விடவும் தயக்கம். காற்றில் ஈரம் வற்றினால் பட்டு இழை விறைத்து அறும். அறுந்ததைப் பிணைத்துப் பிணைத்தே பொழுது போகும். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உழைப்பு வேண்டும். அந்த வெக்கையில் இருவருமே ஓய்ந்துபோகிறார்கள்.

காஞ்சிக்கு வரும் நூலின் பிறப்பிடத்திலும் இதே தொல்லை. கர்நாடகத்திலும், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் வளரும் பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பம்தான் இதம். அதற்கு மேல் போனால் புழு தீனி குறைக்கும், நோய் தொற்றும், கூடு சிறுக்கும். உயர்ரக வெண்பட்டுப் புழுதான் இதில் மிகவும் நொய்ந்தது. வெப்பம் தாங்கும் கலப்பினங்களை மைசூரு மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனாலும் கூட்டின் விளைச்சல் குறையும் பருவத்தில் நூல் விலை ஏறுவதும், அந்தச் சுமை கடைசியில் தறிக்காரர் தலையில் இறங்குவதும் நிற்கவில்லை.

பெருமழையையும் வறட்சியையும் சமாளிக்க இந்த மண்ணுக்குத் தெரிந்திருந்தது. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வரி வரியாகச் சொல்கிறது. பதவிக்காலம் 360 நாள். ஏரியைக் காப்பது ஊராட்சியின் முதல் வேலைகளில் ஒன்று என்று நினைத்தவர்கள் அவர்கள். 2019 நவம்பரில் பிரிக்கப்பட்ட பிறகும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறை ஏரிகள் மட்டும் 381 உள்ளன. கொட்டும் மழையை வாங்கி, வறண்ட மாதங்களுக்கு வைத்துத்தர இவற்றைவிடப் பெரிய காப்பு நமக்கு இல்லை. வரத்துக் கால்வாய் அடைபட்ட ஏரி நிரம்பாது, கலங்கல் அடைபட்ட ஏரி வீதிக்கு வரும். தூர் வாருவதையும் ஆக்கிரமிப்பை அகற்றுவதையும் வெள்ளம் வடிந்த மறுமாதமே மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் உயிர் போகாமல் தினமும் கூலி மட்டும் போய்க்கொண்டிருப்பவருக்கு அதில் இடமில்லை. பருவநிலை பாதிப்பு என்றதும் விவசாயியும் மீனவரும் நினைவுக்கு வருகிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து நெய்பவரும் வானத்தை நம்பித்தான் பிழைக்கிறார் என்பது அரசின் கண்ணில் இன்னும் சரியாகப் படவில்லை.

நெசவாளரின் கூலி இழப்பை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்தின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பாவு கொடுத்த தேதியும் சேலை திரும்பி வந்த தேதியும் பதிவாகின்றன. வானிலைத் துறையிடம் மழைக்கும் வெப்பத்துக்கும் நாள்வாரிக் கணக்கு இருக்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எந்த மழையில், எந்த வெயிலில் எத்தனை தறிநாள் போனது என்பது தெரிந்துவிடும். கைத்தறித் துறை மனம் வைத்தால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதை முடிக்கலாம்.