கண் மைக்கும் கெடு உண்டு

கோடை வந்தால் வானிலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் தவறாமல் வரும். வேலூரோடும் கரூர் பரமத்தியோடும் சேர்ந்து 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர் அது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் நிறைந்த வட்டாரம். வெயிலோடு உலைச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஜெனரல் ஷிஃப்டுக்கு வந்த பெண்களின் ஸ்கூட்டிகள் கூரையில்லாத ஸ்டாண்டில் நிற்கின்றன. சீட்டுக்கு அடியிலோ, தகரக் கூரையின் கீழுள்ள லாக்கரிலோ கைப்பை கிடக்கிறது. அதற்குள் ஒரு காஜல், ஒரு ஐலைனர், சிலரிடம் ஒரு மஸ்காரா.

அழகுசாதனப் பொருள்களை 29 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் வைக்காதீர்கள் என்கிறது அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம். சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவற்றைக் கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் வலுவிழந்துவிடும் என்பது காரணம். நம் ஊரில் சித்திரை, வைகாசி இரவுகளே அந்த 29 டிகிரியை ஒட்டித்தான் நிற்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறையில் பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே, அட்டைப் பெட்டியில் அச்சான தேதியை மட்டும் நம்பி மை இடுவது நம் பெண்களுக்குப் போதாது. வேலைக்குப் போகும் பெண் தன் மைக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி.

பெட்டியில் இருக்கும் தேதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் இந்தியாவில் தயாரித்து விற்கும் காஜலில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற ‘யூஸ் பிஃபோர்’ ஆகியவற்றைக் கேட்கின்றன. அந்த மாதமும் ஆண்டும் மூடி திறக்காத பொருளுக்கான கணக்கு. 2027 வரை செல்லும் என்று போட்ட மஸ்காராவை இன்று திறந்தால் அது 2027 வரை நல்லபடியாக இருக்கும் என்று பொருளல்ல. திறந்த கணத்திலிருந்து வேறொரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

அந்த இரண்டாவது கணக்கைச் சொல்லும் குறி ஒன்று இருக்கிறது. மூடி திறந்த ஒரு சிறு டப்பாவின் படம், அதற்குள் ‘6எம்’ அல்லது ‘12எம்’ என்று எழுதியிருக்கும். திறந்த பிறகு ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 மார்ச் முதல் கட்டாயமாக்கிய குறி அது. இங்கே விற்கும் பல பொருள்களிலும் இப்போது அதைப் பார்க்கலாம். அது இல்லாத பொருளும் நிறைய உண்டு. குறி இருந்தாலும், பெட்டியைக் கிழித்துத் தூரப் போட்ட பிறகு பென்சிலின் மேலுள்ள எழுத்து இரண்டே வாரத்தில் விரல் பட்டு அழிந்துவிடுகிறது.

மற்ற ஒப்பனைப் பொருள்களைவிடக் கண்ணுக்கு இடுவதற்கு ஏன் இத்தனை அவசரம்? மஸ்காரா குழாயை நினைத்துப் பாருங்கள். பிரஷ் இமைமுடியைத் தொடுகிறது. நம் இமைமுடியில் எப்போதும் கிருமிகள் வாழ்கின்றன. அவை அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. பிரஷ் அவற்றை எடுத்துக்கொண்டு இருட்டும் ஈரமும் உள்ள குழாய்க்குள் திரும்பப் போகிறது. மை நன்றாக ஒட்ட வேண்டும் என்று நாம் பிரஷைக் குத்திக் குத்தி எடுக்கும்போது காற்றும் உள்ளே போகிறது. தினமும் இது நடக்க, உள்ளே இருக்கும் பிரிசர்வேட்டிவ் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுப்போகிறது. அமெரிக்காவில் பெண்கள் மூன்று மாதம் பயன்படுத்திய மஸ்காராக்களைப் பரிசோதித்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருந்தன. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த 467 ஒப்பனைப் பொருள்களை வாங்கிச் சோதித்தபோது பத்தில் எட்டு, ஒன்பதில் பாக்டீரியா இருந்தது. மஸ்காரா, ஐலைனர், உதட்டுச்சாயம், ஸ்பாஞ்ச் எல்லாம் அதில் அடக்கம்.

கிருமி இருப்பது மட்டும் ஆபத்தில்லை. கீறலும் கிருமியும் சேரும்போதுதான் விபரீதம். 1970களில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் கண் மருத்துவர் லூயிஸ் வில்சனும் நுண்ணுயிரியலாளர் டொனால்ட் அஹெர்னும் இதைக் கண்டார்கள். மஸ்காரா பிரஷ் தவறிக் கருவிழியில் கீறியிருந்தது. அந்தக் கீறல் வழியே மஸ்காராவில் வளர்ந்திருந்த சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய்ப் புண்ணாக்கியிருந்தது. 1977இல் அவர்கள் இதை எழுதினார்கள். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் அங்கே புண் வந்தால் ஆறுவது மெதுவாக நடக்கும். ஆறிய இடத்தில் தழும்பு விழுந்தால் பார்வை மங்கிவிடும்.

இது ஏதோ அமெரிக்கச் செய்தி என்று விட்டுவிட முடியாது. 1990களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகச் சொன்னது. அமெரிக்காவின் ஒரு வட்டாரத்தில் பார்த்த அளவைப் போல் பத்து மடங்கு அது. அங்கே நெற்கதிரும் வைக்கோலும் மண்ணும் பட்டு வந்த காயங்களே முக்கியக் காரணம், மையல்ல. ஆனால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு சின்னக் கீறல் எவ்வளவு எளிதில் புண்ணாகிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. கும்மிடிப்பூண்டியில் வயலுக்குப் பதிலாக இரும்புத் தூள் இருக்கிறது. கிரைண்டிங் நடக்கும் ஷெட் பக்கம் நடந்து போனாலே கண்ணில் உறுத்தும் துகள் விழும். அந்தக் கண்ணைக் கசக்கிவிட்டு, மாலையில் எட்டு மாதப் பழைய மஸ்காராவை எடுத்து இடுகிறோம் என்றால், அட்லாண்டாவில் சேர்ந்த அந்த இரண்டும் இங்கேயும் சேர்ந்துவிடுகின்றன.

எதை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? மஸ்காராவுக்கு மூன்று மாதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கெடு. தண்ணீர்ப் பதமான ஐலைனருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம். காஜல் பென்சில் ஒரு வருடம் வரை. பவுடர் ஐஷேடோவில் தண்ணீர் இல்லாததால் ஒன்று, இரண்டு வருடம் தாங்கும். இந்தக் கணக்குகள் எல்லாம் குளுமையான அறையில், ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் பொருளுக்கானவை. நம் வட்டாரத்தில் ஒவ்வொன்றிலும் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். மூடி திறக்கும் நாளிலேயே ஒரு சிறு ஸ்டிக்கரில் தேதி எழுதிக் குப்பியில் ஒட்டிவிட்டால் பிறகு ஞாபகத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

கெடுவுக்கு முன்பே கெட்டுப்போவதும் உண்டு. மை திரண்டு கட்டி கட்டியாக வந்தால், எண்ணெய் தனியே பிரிந்து நின்றால், பென்சில் நுனியில் வெள்ளைப் படலம் பூத்தால், பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தால், இட்ட சற்று நேரத்தில் கண் எரிந்தால், அன்றோடு சரி. ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று, கிருமி வளர்ந்த மை பார்வைக்கும் மூக்குக்கும் புதிது போலவே இருக்கக்கூடும். அதனால்தான் தேதி வேண்டும். காய்ந்துபோன மஸ்காராவில் ரெண்டு சொட்டு தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அவசரத்துக்கு எச்சில்கூட விட்டுக் குழைப்பதை எல்லா ஹாஸ்டலிலும் பார்க்கலாம். இருக்கிற பிரிசர்வேட்டிவை நீர்க்கவைத்து, புதுக் கிருமியையும் சேர்த்து அனுப்பும் வேலை அது. காய்ந்துவிட்டது என்றால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

நம் பெண்களுக்கு மஸ்காராவைவிடக் காஜல்தான் அன்றாடம். அதை இமையின் உள்விளிம்பில், கண்ணீர் தொடும் இடத்திலேயே இடுகிறோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளியான பரிசோதனையில், இமைமுடிக்கு வெளியே இட்டதைவிட உள்விளிம்பில் இட்ட பென்சில் துகள்கள் ஐந்து நிமிடத்துக்குள் அதிகமாகக் கண்ணீரில் கலந்திருந்தன. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க எண்ணெய் சுரக்கும் சின்னஞ்சிறு துளைகளும் அதே விளிம்பில்தான் வரிசையாக இருக்கின்றன. மை அவற்றை நாள்தோறும் அடைத்தால் கண் வறண்டு உறுத்தும், கண்கட்டி வரும். இரவில் மையோடு தூங்கிவிடுவது இதில் பெரிய பங்கு வகிக்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து அப்படியே படுத்துவிடுகிற களைப்பு எனக்குப் புரிகிறது. என்றாலும் அந்த இரண்டு நிமிடத்தைக் கண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும்.

சீவக்கூடிய மரப் பென்சிலுக்கு ஒரு நன்மை உண்டு. சீவும்போது கண்ணைத் தொட்ட மேல்பகுதி போய்விடுகிறது, புது நுனி வருகிறது. திருகி ஏற்றும் காஜலில் அது முடியாது. நுனியைச் சுத்தமான டிஷ்யூவில் துடைத்துவிட்டு இடலாம், அவ்வளவுதான்.

வீட்டு மை பற்றியும் சொல்ல வேண்டும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து நெய்யிலோ விளக்கெண்ணெயிலோ குழைக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் சேராததால் மஸ்காராவைப் போல் அதில் பாக்டீரியா எளிதில் பெருகாது. ஆனால் நெய் சிக்கு வாடை பிடிக்கும். மைச் சிமிழுக்குள் வீட்டில் உள்ள எல்லார் விரலும் போகும். வீட்டில் செய்தது என்பதாலேயே அதற்குக் கெடு இல்லை என்று ஆகிவிடாது. கொஞ்சமாகச் செய்து, சீக்கிரம் தீர்த்து, ஆளுக்கொரு சிமிழ் வைத்துக்கொள்வது நல்லது. கைக்குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். திருஷ்டிக்குக் கன்னத்திலோ பாதத்திலோ பொட்டு வைத்தால் போதும். சுர்மா என்ற பெயரில் விற்கும் சில பொடிகள் ஈயச் சல்பைடால் ஆனவை. நிறத்துக்காக ஈயச் சேர்மங்கள் சேர்ப்பதை நம் சட்டம் தடை செய்திருக்கிறது. சாயப்பொருளில் தற்செயலாகக் கலந்து வரும் ஈயம்கூடப் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் பெயரே இல்லாத பொட்டலத்தில் அந்த அளவை யார் பார்த்திருப்பார்கள்?

அந்தப் பொட்டலங்கள் எங்கே கிடைக்கின்றன என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி முளைக்கும் கடைகள், ரயில் நிலைய வாசலில் விரித்த தார்ப்பாய், ஃபேன்சி ஸ்டோரின் ‘எது எடுத்தாலும்’ கூடை. கூடையில் கிடப்பதெல்லாம் போலி என்று சொல்லவில்லை. தேதி நெருங்கிய சரக்கு தள்ளுபடிக்கு வருவது வழக்கம். ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், தேதி சுரண்டியிருந்தால், பேட்ச் எண் இல்லையென்றால் கீழே வையுங்கள். எல்லார் கண்ணையும் தொட்ட டெஸ்டரைக் கையின் பின்புறத்தில் தீட்டி நிறம் பாருங்கள், கண்ணில் வேண்டாம். மாதச் சம்பளத்தில் வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சத்தில் வாங்கிய மையைப் பாதியில் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. அதற்கு வழி, சின்ன அளவாக வாங்குவது. மூன்று மஸ்காரா காம்போவில் மலிவாகக் கிடைத்தாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்காமல் இருப்பது. சென்னையில் தயாராகித் தலைமுறைகளாக விற்கும் ஐடெக்ஸ் போன்ற சாதாரண விலை மையும், லேபிள் ஒழுங்காக இருந்து கெடுவுக்குள் பயன்படுத்தினால், ஒரு வருடம் திறந்து கிடந்த விலையுயர்ந்த மையைவிடக் கண்ணுக்கு நல்லது.

ஒரே அறையில் நான்கைந்து பேர் தங்கும் ஹாஸ்டல்களில் பகிர்ந்துகொள்வது பாசத்தின் பகுதி. துணி, செருப்பு, சாப்பாடு எல்லாம் பகிரலாம். மையை மட்டும் பகிர வேண்டாம். மழைக்காலத்தில் மெட்ராஸ் ஐ பரவும்போது இதன் விலை தெரியும். ஒருத்திக்கு வந்தால் துண்டு, தலையணை, காஜல் என்று எல்லா வழியிலும் அறை முழுக்கப் பரவிவிடும். கண் சிவந்த நாளிலிருந்து ஒப்பனையை நிறுத்த வேண்டும். குணமான பிறகு, நோய் வந்தபோது பயன்படுத்திய மை, பிரஷ், ஷார்ப்னர் எதையும் மறுபடி தொடக் கூடாது. வாங்கி ஒரு வாரமே ஆகியிருந்தாலும் சரி. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு மை இட்டு, லென்ஸைக் கழற்றிய பிறகு மையைத் துடைக்க வேண்டும்.

மருந்து, உணவு, மின்னணு ஆலைகளின் தூய அறைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஷிஃப்டில் ஒப்பனைக்கு அனுமதி இல்லை. மையிலிருந்து உதிரும் துகள் பொருளில் விழுந்துவிடும் என்பதால். தயாரிக்கிற மாத்திரைக்குக் காட்டும் அந்த அக்கறையை, வேலை முடிந்து ரயிலில் ஆடிக்கொண்டே கண்ணாடி பார்த்து மை இடும்போது நம் கண்ணுக்கும் காட்டலாம். ஓடும் ரயிலில், பஸ்ஸில் இமைக்குப் பக்கத்தில் பென்சிலையோ பிரஷையோ கொண்டுபோகாதீர்கள். கருவிழியில் கீறல் விழ ஒரு குலுங்கல் போதும்.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை மங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கிவிடும் பழக்கம் இங்கே வேரூன்றிக் கிடக்கிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் சிவப்பு குறைந்து நன்றாகிவிட்டது போலத் தோன்றும், உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்க்காரர்களுக்குப் புறநகர் ரயில் ஏறினால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை எட்டிவிடும் தூரம்தான். 1819இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. போகும்போது கடைசியாக இட்ட மையையும் மஸ்காராவையும் ஒரு பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துப்போங்கள். எப்போது திறந்தீர்கள், வேறு யார் பயன்படுத்தினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுக்க மருத்துவருக்கு அது உதவும்.